எந்தச் சாமி பெரிய சாமி?
(சமயம் அறிவோம் பகுதி)

இந்த முறை இந்து சமயத்தைப் பற்றி என்னை எழுதச் சொன்னார் தமிழய்யா. "பாடப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதே" என்றும் சொல்லிவிட்டார். அதனால நம்ம திருவள்ளூர் மாவட்டத்தை வைத்தே எழுதுகிறேன்.

எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ஏழாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் வந்து கேட்டான். "அண்ணா, எங்க குலசாமிக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைப்போம். ஐயர் கிடையாது, மந்திரம் கிடையாது. அதெல்லாம் சாமியே இல்லன்னு எங்க தெருவுல ஒருத்தர் சொல்றாரு. அப்ப நாங்க யாரு?" நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

முதலில் பெயர். 'இந்து' என்பது சிந்து நதியிலிருந்து வந்த சொல். அந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களைப் பாரசீகர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். நம் முன்னோர் தங்களைச் சைவர், வைணவர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். இந்தச் சமயத்தைத் தோற்றுவித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஒரே புனித நூலும் கிடையாது. வேதம் நான்கு, சைவருக்குப் பன்னிரு திருமுறை, வைணவருக்கு நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். எழுத்தே இல்லாமல் பாட்டி வாய்வழியா வந்த கதைகளும் உண்டு. அதனாலதான் ஊருக்கு ஊர் சாமியும் வழக்கமும் மாறுது.

ஆனாலும் சில எண்ணங்கள் பொதுவாக இருக்கின்றன. செய்த வினைக்குப் பலன் உண்டு, உயிர் மறுபடி பிறக்கும், கடைசியில் பிறவி தீர்ந்து வீடுபேறு கிடைக்கும் என்பார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று வாழ்க்கைக்கு நான்கு நோக்கம் சொல்வார்கள். பரம்பொருள் ஒன்று, அதன் வடிவங்கள் பல என்பது பெரும்பாலானோர் நம்பிக்கை.

"ஒண்ணுன்னா ஏன் இத்தனை கோயில்?" என்று கேட்பீர்கள். பொன்னேரிக்குப் போங்க. அங்கே அகத்தீஸ்வரர் சிவன் கோயில், கரிகிருஷ்ணப் பெருமாள் விஷ்ணு கோயில். சித்திரைத் திருவிழாவில் இரண்டு சாமியும் புறப்பட்டு வந்து கடைவீதியில் எதிரெதிரே நின்று சந்திப்பார்கள். அரியும் அரனும் சந்திக்கிற அந்தத் தெருவுக்கே ஹரிஹரன் கடைவீதி என்று பெயர். ஒரு காலத்தில் சைவரும் வைணவரும் எவ்வளவு வாதச் சண்டை போட்டார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம். நம்ம ஊர்க்காரர்கள் இரண்டு பல்லக்கையும் ஒரே தெருவுக்குக் கொண்டுவந்து விஷயத்தை முடித்துவிட்டார்கள்!

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. அதன் கதை விருந்தோம்பல் கதை. சாலிஹோத்ரர் என்ற முனிவர் நோன்பிருந்து, சேர்த்த அரிசியை மாவாக்கி, அதிதிக்காகக் காத்திருந்தார். கிழவர் வடிவில் பெருமாள் வந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசி என்றார். முனிவர் தன் பங்கையும் கொடுத்துவிட்டார். சாப்பிட்ட களைப்பில் "படுக்க எவ்வுள்?", அதாவது எந்த இடம் என்று கேட்டாராம். முனிவர் தன் குடிசையைக் காட்டினார். அதனால் ஊருக்குத் திருஎவ்வுள் என்று பெயர். இன்றைக்கும் பெருமாள் அங்கே படுத்த கோலத்தில், முனிவர் தலையில் வலது கையை வைத்தபடி இருக்கிறார். அமாவாசை தோறும், அதிலும் தை அமாவாசைக்கு, கூட்டம் தாங்காது. குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல நோய் கரையும் என்பது நம்பிக்கை. (மருந்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என் பாட்டி வெல்லமும் கரைப்பாங்க, சர்க்கரை மாத்திரையும் போடுவாங்க.)

திருத்தணி முருகனுக்கு ஆடிக் கிருத்திகைக் காவடி, சிறுவாபுரி முருகனிடம் சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை, திருவாலங்காட்டில் காலைத் தூக்கி ஆடும் நடராஜர். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கோயிலில் செய்வதற்கெல்லாம் பொருள் உண்டு. எல்லாம் கடைசியில் சாம்பல்தான் என்று நினைவூட்டுவது திருநீறு. பெருமாள் கோயிலில் தலையில் வைக்கும் சடாரி பெருமாளின் திருவடி. சடகோபர் என்ற நம்மாழ்வார் பெயரால் அதை அப்படிச் சொல்கிறார்கள்.

இப்போ தம்பி கேள்விக்கு வருவோம். பெரியபாளையம் பவானி அம்மனுக்கு ஆடி மாதம் வேப்பிலையையே ஆடையாகக் கட்டிக்கொண்டு சுற்றி வருகிறார்கள். அதற்குச் சம்ஸ்கிருதம் தெரிய வேண்டாம். குலசாமி வழிபாடும் அது போலத்தான். கிடா வெட்டுவது சரியா தப்பா என்று தனியாக விவாதம் செய்யலாம், எனக்கே அது பிடிக்காது. ஆனால் அது சாமியே இல்லை என்று சொல்ல அந்தத் தெருக்காரருக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சாதியின் பெயரால் பல பேரைக் கோயிலுக்குள்ளேயே விடாமல் வைத்திருந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். பின்னாளில் அமைச்சரான கக்கன் அந்தக் குழுவில் ஒருவர். 1947இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 2021இல் பயிற்சி பெற்ற பல சாதியினர் தமிழக அரசால் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் வெளியே நின்று அதே சாமியைத்தான் கும்பிட்டுக் கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

இந்த இடத்தில் திருநின்றவூர் பூசலார் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வரும் 63 நாயன்மார்களில் ஒருவர் அவர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. எங்கே கேட்டும் கிடைக்கவில்லை. மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். அஸ்திவாரம், சுவர், விமானம், குளம் என்று ஒவ்வொன்றாக, நல்ல நாள் பார்த்து. அதே சமயம் காஞ்சியில் அரசன் பெரிய கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். முதல் நாள் இரவு சிவபெருமான் அரசன் கனவில் வந்து, "நாளைக்கு நான் நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றாராம். அரசன் திருநின்றவூருக்கு ஓடினான். "பூசல் கட்டிய கோயில் எது?" என்றால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பூசலாரைக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் கோயில் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. அரசன் அவர் காலில் விழுந்தான். அந்த ஊரில் இன்று இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. நம்ம கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் போனால் சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும்.

கடைசியாக சிப்காட் சமாச்சாரம். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகளில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் செப்டம்பர் 17 வாக்கில் விஸ்வகர்மா பூஜை செய்கிறார்கள். அதுவும் கருவிகளுக்கான பூஜைதான், நாள்தான் வேறு. என் வகுப்பில் படிக்கும் ஒடிசா நண்பன், "எங்க சாமி ஜகந்நாதர், பூரியில மரத்தால செஞ்சிருப்பாங்க, உங்க ஊர்ல அவர் இல்லையே" என்று வருத்தப்பட்டான். திருமழிசை ஆழ்வார் பிறந்த திருமழிசையில் பெருமாளுக்கு ஜகந்நாதப் பெருமாள் என்றுதான் பெயர் என்று சொன்னேன். நம்பவே இல்லை. அடுத்த விடுமுறையில் அவன் அப்பாவோடு போய்ப் பார்க்கப் போகிறானாம், என்னையும் கூப்பிட்டிருக்கிறான்.