இரத்தம் கூறும் சாட்சி

காய்ச்சல் பத்து நாளாகியும் தணியாத குழந்தை, தொண்டையில் வெண்படலம், கழுத்தில் நெறிகட்டு, மண்ணீரலிலும் வீக்கம். தொண்டை அடைப்பானோ, இரத்தப் புற்றுநோயோ எனப் பெற்றோர் கலங்குவது இயல்பே. ஆனால் பெரும்பாலும் தானே தணியும் ‘இன்பெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ்’ என்னும் நோயும் இவ்வாறே தோன்றும். இவற்றை வேறுபடுத்திக் காண உதவுபவை எதிர்ப்பொருள் சோதனைகள்.

நோய்க்குக் காரணம்

எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகிய மூவர் 1964இல் கண்டறிந்த எப்ஸ்டீன்-பார் வைரஸே இந்நோய்க்குப் பெரிதும் காரணம். இஃது உமிழ்நீர் வழியே பரவுகிறது. பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியரின் ஆய்வகப் பணியாளர் ஒருவர் இந்நோயுற்றார். அவர் இரத்தத்தில் முன்பு இல்லாத எதிர்ப்பொருள்கள் புதிதாகத் தோன்றியிருந்தன. அவ்வழியே சென்ற ஆய்வு, 1968இல் வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிற்று.

பழைய சோதனை

அதற்கு முன்பே, 1932இல், பால், பன்னெல் என்னும் இருவர் ஒரு விந்தையைக் கண்டிருந்தனர். இந்நோயாளியின் சீரம் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைத் திரளச் செய்கிறது! பின்னர் குதிரையின் சிவப்பணுக்களைக் கொண்டு சில நிமிடங்களில் முடியும் சோதனையும் வந்தது. எளிது, செலவும் குறைவு. ஆனால் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பலரிடம் இவ்வெதிர்ப்பொருள் உண்டாவதில்லை. பெரியவர்களிடமும் முதல் வாரத்தில் தென்படாமற் போகலாம். எனவே, ‘இல்லை’ என்னும் விடையை மட்டும் நம்பி நோயில்லை எனத் தீர்மானித்தல் தவறாகும்.

நுட்பமான சோதனை

இக்குறையை நீக்குவது, வைரஸின் பகுதிகளுக்கு எதிராகவே தோன்றும் எதிர்ப்பொருள்களைத் தேடும் முறை.

1. வைரஸ் உறைக்கு எதிரான ஐ.ஜி.எம்.: நோயின் தொடக்கத்தில் தோன்றிச் சில வாரங்களில் மறையும்.
2. அதே உறைக்கு எதிரான ஐ.ஜி.ஜி.: நோயின்போதே தோன்றி வாழ்நாள் முழுதும் நிலைக்கும்.
3. உட்கரு ஆன்டிஜனுக்கு எதிரான ஐ.ஜி.ஜி.: சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே தோன்றி நிலைக்கும்.

முதலது இருந்து மூன்றாவது இல்லையேல், தொற்று புதியது. முதலது இன்றிப் பின்னிரண்டும் இருப்பின், தொற்று பழையது. இப்போதைய காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடவேண்டும். பச்சிளங் குழந்தையிடம் காணும் ஐ.ஜி.ஜி. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்ததாகவும் இருக்கலாம். ஐ.ஜி.எம். அவ்வாறு கடப்பதில்லை.

பயன் என்ன?

நோய் இன்னதென்று தெரிந்தால், வைரஸைக் கொல்லாத ஆம்பிசிலின் போன்ற மருந்துகளையும், அவற்றால் இந்நோயாளிகளிடம் எழக்கூடிய தடிப்புகளையும் தவிர்க்கலாம். வீங்கிய மண்ணீரல் வெடிக்காதிருக்க, குழந்தையை முரட்டு விளையாட்டிலிருந்து சிலகாலம் விலக்கி வைக்கலாம். ஆயினும் இரத்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் நோக்கும் வேலையை இச்சோதனை ஒழித்துவிடாது. புற்றுநோய் ஐயத்தைப் போக்க அதுவும் வேண்டும். குழந்தையின் வயது, நோய் கண்ட நாள், சோதனை முடிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிப்பதே மருத்துவ அறிவு.