உறுப்புக்களின் ஒத்துழைப்பு

"இருதயத்தின் அறைகள் எத்தனை?" என வினவினால், எட்டாம் வகுப்பு மாணாக்கர் தயங்காது "நான்கு" என்பர். "ஓடும்பொழுது மூச்சு விரைவதேன்?" என வினவினாலோ வகுப்பில் அமைதி நிலவும். விஞ்ஞானம் கற்பிக்கும் நாம் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் காட்சி இது. குறை மாணாக்கருடையதன்று. சமிபாட்டை ஒரு தவணையிலும் சுவாசத்தை மறு தவணையிலுமாக, உடலைக் கூறுபடுத்திக் கற்பித்த நாம், அக்கூறுகளை மீண்டும் பொருத்திக் காட்ட மறந்தோம்.

சொற்குறையை இதற்குக் காரணமாகக் கூறல் இயலாது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அவ்வழி வந்த நமக்குச் சொற்கள் உள. தொடுத்துக் காட்டுதலே எஞ்சிய பணி.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. மாணாக்கரை இருவர் இருவராகப் பிரித்து, அமர்ந்தவாறே ஒரு நிமிட நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ணச் செய்க. பின்னர் ஒருவரை மைதானத்தைச் சுற்றி ஓடச்செய்து, உடனே மீண்டும் எண்ணச் செய்க. தொய்வோ இருதய நோயோ உடையோர் எண்ணுவோராக மட்டும் இருக்கட்டும். இரண்டு எண்களும் ஒருங்கே உயர்ந்திருத்தலைக் கண்டதும், "ஏன்?" என்னும் வினா அவர்களிடமிருந்தே எழும்.

உழைக்கும் தசைக்கு ஒட்சிசனும் குளுக்கோசும் மிகுதியாக வேண்டும். முன்னது சுவாசப்பை வழியாகவும், பின்னது உண்ட உணவு சமிபாடடைவதாலும் கிடைப்பன. இரண்டையும் சுமந்து செல்வது குருதி. காபனீரொட்சைட்டை மீட்டு வருவதும் அதுவே. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியைச் செலுத்தும் வளர்ந்தோரின் இருதயம், கடும் உழைப்பில் 20 லீற்றர் வரை செலுத்தவல்லது. இவ்விரைவை ஆள்வது நரம்புத் தொகுதி. மிகுந்த வெப்பத்தை வியர்வையால் தணிப்பது தோல். இழந்த நீருக்கேற்பச் சிறுநீரைக் குறைப்பது சிறுநீரகம். ஒன்றேனும் தனித்து நின்றிலது.

நமது மட்டக்களப்பு வாவியும் இவ்வாறானதே. முகத்துவாரத்தை மணல் அடைத்தால், நீரின் உப்பும் மீனின் வரவும் மாறுதலை வாவிக்கரைச் சிறுவர் அறிவர். ஓரிடத்து அடைப்பு முழுமையையும் தாக்கும் என்பதை இவ்வுவமையால் எளிதில் உணர்த்தலாம்.

வாவிக்கரையில் வாழும் நமக்கு இப்பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. நீரில் மூழ்கியவரின் மூச்சு நின்றால், குருதியில் ஒட்சிசன் குன்றும். சிறிது நேரத்தில் இருதயமும் ஓயும். சில நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்கும். வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும், தலைகீழாகச் சுழற்றுவதும் அந்த அரிய நிமிடங்களை வீணாக்குவன. வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுதல் சுவாசப்பையின் பணியையும், மார்பை அழுத்துதல் இருதயத்தின் பணியையும் ஏற்று, மூளையைக் காக்கின்றன. தொகுதிகளின் தொடர்பை உணர்ந்த மாணவனுக்கு இம்முறையின் காரணம் விளங்கும். காரணம் விளங்கியவன் பதற்றத்திலும் முறை மறவான்.

ஆதலின், முதலுதவிப் பயிற்சி பெற்ற பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுப்பறைக்கு வந்து இதனைச் செய்து காட்டுவாராக. கல்லூரிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனுள் அதுவும் ஒன்றாகும்.