கொஞ்சம் பிந்தி விழும் அடி

சோல் இசை கேட்க ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, 40 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன் சொல்வது.

1. எல்லா இசைத்தட்டுக் கம்பெனியையும் ஒரேயடியாக அள்ளாதீர்கள். டெட்ராய்ட்டின் மோட்டவுன் எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸைத்தான் நாமாகப் போய்ப் பார்க்க வேண்டும். 1961 முதல் 1968 வரை, அது போதும் இப்போதைக்கு.

2. பாடகரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் வாசித்த ‘கிரீன் ஆனியன்ஸ்’ கேளுங்கள். 1962-இல் வேறொருவர் பாட்டுக்காக ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள், கிடைத்த சும்மா நேரத்தில் வாசித்துப் பார்த்தது. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு வயது 17. முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள். ஓடியது என்னவோ அந்தப் பின்பக்கம்தான். பிறகு பேஸ் கிட்டாருக்கு டக் டன் வந்ததும், குழுவில் கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர். அன்றைய மெம்ஃபிஸில் இது சாதாரண விஷயமில்லை.

3. இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். வில்சன் பிக்கெட் 1965-இல் பாடிய ‘இன் தி மிட்நைட் அவர்’ பாட்டைப் போட்டு, தொடையில் தாளம் போடுங்கள். நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் தட்ட வேண்டும். உங்கள் கை முந்திவிடும். டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனும் கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் அந்த இரண்டு இடத்தையும் மயிரிழை தள்ளிப் போடுகிறார்கள், அதுவும் சேர்ந்தாற்போல. அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர், அப்போது பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை ஸ்டுடியோவிலேயே ஆடிக் காட்டியதால் வந்த தாமதம் இது. தட்டில் அட்லாண்டிக் பெயர் இருக்கும். பதிவானது ஸ்டாக்ஸ் கூடத்தில். கை பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. பழகிய பிறகு மற்ற பாட்டெல்லாம் அவசரமாகப் போவதுபோல் தெரிந்தது.

4. கூடத்தையும் கேளுங்கள். அது ஒரு பழைய சினிமாக் கொட்டகை. நாற்காலிகளைப் பிடுங்கினார்கள், தரையின் சரிவை அப்படியே விட்டுவிட்டார்கள். டிரம்ஸும் ஊதுகருவிகளும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததால் ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் வழியும். அந்த வழிசல்தான் ருசி. முன்னால், தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ஆக்ஸ்டன் இசைத்தட்டுக் கடை நடத்தினார். பதிவுக் கருவி வாங்க வீட்டையே அடமானம் வைத்த அம்மா அவர். புதுப் பாட்டை முதலில் கடைக்கு வரும் பிள்ளைகளிடம்தான் போட்டுக் காட்டுவார்.

5. பழைய தட்டு வாங்கினால் நடுவில் ஒட்டிய தாளைப் பாருங்கள். வெளிர்நீலத்தில் தட்டுகள் அடுக்கியிருந்தால் முதல் காலம். மஞ்சளில் விரல் சொடுக்கினால் 1968-க்குப் பிறகு. இடையில் நடந்தது ஒரு ஒப்பந்தம். ஸ்டாக்ஸ் முதலாளி ஜிம் ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், மூலப் பதிவுகள் அட்லாண்டிக்குக்குப் போய்விட்டன.

6. மஞ்சள் காலத்தை ஒதுக்கவும் வேண்டாம். ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்ட் சோல்’ (1969) ஆல்பத்தில் நாலே பாட்டு. ஒன்று 18 நிமிஷத்துக்கு மேல். வேலை இல்லாத நாளில் கேளுங்கள்.

7. பாட்டைக் கடைசி நொடிவரை ஓடவிடுங்கள். ஓட்டிஸ் ரெடிங்கின் ‘டாக் ஆஃப் தி பே’ பாட்டை நான் ஒரு கடையில் கேசட்டில் பதிந்து வாங்கினேன். நாடா தீர்ந்து, முடிவு வெட்டுப்பட்டிருந்தது. அது தெரியாமலே வருஷக்கணக்கில் கேட்டேன். பிறகு ஒரு நண்பர் வீட்டில் இசைத்தட்டு சுழன்றது. பாட்டு முடியுமிடம் என்று எழுந்தேன், ஓட்டிஸ் விசிலடிக்க ஆரம்பித்தார். 1967 டிசம்பர் 10-இல் விமான விபத்தில் போனவர். இதைப் பாடி முடித்து நாள்கூட அதிகமாகவில்லை. பின்னால் கேட்கும் அலையும் கடற்பறவையும் கிராப்பர் பிறகு சேர்த்தவை. நின்றபடியே முழுதும் கேட்டேன்.