அழுதால்தான் மனச்சோர்வா?

ஆறு மாதமாகத் தலைவலி. கண் டாக்டரைப் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, வயிற்றெரிச்சலுக்கு எண்டோஸ்கோபியும் ஆயிற்று. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஃபைல்தான் தடித்துக்கொண்டே போகிறது. இப்படி கிளினிக் கிளினிக்காக அலைபவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வு. அசதி, முதுகுவலி, பசியின்மை என்று உடம்பின் வழியாகவே அது முதலில் தலைகாட்டுகிறது.

2015-16இல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. டாக்டரும் பணமும் போதாதது ஒரு காரணம். வீடுகளில் புழங்கும் சில நம்பிக்கைகள் இன்னொரு காரணம்.

“எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பார்கள்”

அழுகையே வராமல் மரத்துப்போவதும் உண்டு. மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். மனம் கவிழ்ந்திருப்பது, பிடித்ததில்கூட நாட்டம் போவது ஆகிய இரண்டும் முதன்மையானவை. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். தூக்கம், பசி, களைப்பு, கவனம், பேச்சிலும் நடையிலும் மந்தம் அல்லது பரபரப்பு, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை மற்றவை. மொத்தத்தில் குறைந்தது ஐந்து அறிகுறிகள், பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரம் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் அது வெறும் வருத்தமல்ல.

சிலருக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பிறகு தூக்கம் பிடிக்காது. குளிப்பதே மலையாகத் தெரியும். சாயங்காலம் கொஞ்சம் தேவலை போலிருக்கும். ஆண்கள் சிலரிடம் எடுத்ததற்கெல்லாம் கோபமாகவும், கூடிக்கொண்டே போகும் குடியாகவும் வெளிப்படும். வளரும் பிள்ளைகளிடம் சிடுசிடுப்பு. வீட்டிலோ ‘திமிர்’ என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

“இவருக்கு என்ன குறை?”

2013இல் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ உட்பட வரிசையாக வெற்றிப் படங்கள் தந்தவர் இந்தி நடிகை தீபிகா படுகோன். மறு வருடமே மனச்சோர்வில் விழுந்தார். காலையில் எழுந்ததும் வயிற்றில் ஒரு வெறுமை, காரணமில்லாத அழுகை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, இது வேலை டென்ஷனோ காதல் பிரச்சினையோ இல்லை என்று கண்டுகொண்டு மருத்துவ உதவி தேவை என்றார். 2015இல் தீபிகாவே இதை வெளிப்படையாகப் பேசினார். இழப்பும் கடனும் மனச்சோர்வைத் தூண்டலாம். எதுவுமே இல்லாமலும் வரலாம்.

“மாத்திரை அடிமையாக்கிவிடும்”

தூக்க மாத்திரையையும் மனச்சோர்வு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வந்த பயம் இது. அல்பிரசோலம் வகை மருந்துகளுக்குப் பழகிப்போகும் ஆபத்து உண்டுதான். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை போதையும் தருவதில்லை, ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும். டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். 25 வயதுக்குட்பட்டோரைத் தொடக்க வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை. லேசான நிலையில் பேச்சு சிகிச்சையே போதும். தைராய்டு குறைவும் பி12 குறைபாடும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் வரும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அபார உற்சாகத்தில் நாள்கணக்கில் இருந்திருந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

“சாவைப் பற்றிக் கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடும்”

கிளப்பாது. ‘உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்பது பலருக்கு ஆறுதல். ‘ஆமாம்’ என்றால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். 2022இல் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமனஸை 14416 எண்ணில் அழைத்து இரவு பகலாக, இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் தன்னார்வலர்களும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

சாவைப் பற்றிய எண்ணம் இல்லாதவர்கள் வழக்கமான டாக்டரிடமிருந்தே தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல ஓபி உண்டு. கூடப் போகிறவர் தூக்கம், சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் நல்லது. டாக்டர் முன் உட்கார்ந்ததும் நோயாளிகள் பெரும்பாலும் ‘ஒண்ணுமில்ல, தலைவலிதான்’ என்று சொல்லிவிடுவார்கள்.