கொசுவை இனங்காணல்

உருவத்தாற் சிறியது கொசு. அது விளைக்கும் துன்பமோ பெரிது. தோட்டத்தில் இருப்போர் அதன் ரீங்காரம் கேட்ட அளவிலே அதனை அடித்து ஒழிக்க முற்படுவரேயன்றி, அஃது எவ்வினத்தது என்று நோக்குவாரில்லை. எல்லாக் கொசுவும் ஒன்றே என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது. பரப்பும் நோயும், கடிக்கும் வேளையும், முட்டையிடும் நீரும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஆதலின், இனம் அறியாதார் அதனை ஒழிக்கும் வழியும் அறியார்.

இவ்வுண்மையை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவரின் வரலாறு நன்கு விளக்கும். மலேரியாக் காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் தொடர்பு உண்டு என்று கருதிய அவர், 1895ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோயாளியின் குருதியை உண்ட கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். பயன் கிட்டவில்லை. அவர் ஆராய்ந்தவை சாம்பல்நிறக் கொசுக்களும் வரிக்கொசுக்களுமே. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், புள்ளிச் சிறகுடைய வேறோர் இனம் அவர் கைக்கு எட்டியது. அத்திங்கள் 20ஆம் நாள், அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்ந்திருத்தலைக் கண்டார். 1902இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. முன்னைய உழைப்புப் பயன் தராமைக்கு முயற்சிக்குறைவு காரணமன்று. கொசுவின் இனம் வேறாயிருந்தமையே காரணமாம்.

இக்காலத்தில் தோட்டத்துக் கொசுவின் இனத்தை அறியக் கைப்பேசியால் எடுத்த தெளிவான நிழற்படம் பெரிதும் துணைசெய்யும். சுவரிலோ இலையிலோ அமர்ந்த கொசுவை மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக இரு படங்கள் எடுத்தல் வேண்டும். முன்னது முதுகின் வரிகளைக் காட்டும். பின்னது அமரும் நிலையைக் காட்டும். தலையின் முன்னே நீண்ட மெல்லிய உறிஞ்சுகுழல் உளதா என்பதை முதற்கண் நோக்குக. இன்றேல், அது கொசுவை ஒத்த வேறு பூச்சியாகும். அடுத்து, உணர்கொம்புகளை நோக்குக. அவை இறகுபோல் அடர்ந்திருப்பின் ஆண் கொசு, அது கடிப்பதில்லை. குருதி உண்பது பெண் கொசுவே.

தோட்டங்களிற் காணும் பெண் கொசுக்களுள் மூன்று இனங்கள் குறிக்கத்தக்கவை. முதலாவது கியூலெக்ஸ். வீடுகளை அடுத்து மிகுதியாகக் காணும் இவ்வினக் கொசு மங்கிய பழுப்பு நிறமுடையது. அமருமிடத்திற்கு இணையாக உடலை வைத்து அமரும். வயிற்றின் நுனி மழுங்கியிருக்கும். சாக்கடை போன்ற அழுக்கு நீரிற் பெருகி, இரவிற் கடித்து, யானைக்கால் நோயைப் பரப்பும்.

இரண்டாவது ஈடிஸ். இது கரியது, கால்களில் வெண்வளையங்கள் உடையது. முதுகில் யாழ் வடிவான வெண்கோடுகள் இருப்பின் ஈடிஸ் எகிப்தி என்றும், நடுவே ஒரே வெண்கோடு இருப்பின் ஈடிஸ் அல்போபிக்டஸ் என்றும் கொள்ளலாம். இவை பகலிற் கடித்து டெங்கு, சிக்குன்குனியா ஆகிய காய்ச்சல்களைப் பரப்பும். பூந்தொட்டியின் அடித்தட்டிலும் கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் தேங்கிய சிறிதளவு நீரே இவற்றுக்குப் போதும்.

மூன்றாவது அனாபிலிஸ். ராஸ் கண்ட புள்ளிச் சிறகினம் இதுவே. தலையைத் தாழ்த்தி, வயிற்றின் நுனியை உயர்த்திச் சாய்ந்து அமர்தல் இதன் இயல்பு. உறிஞ்சுகுழலின் இருமருங்கும் அதன் நீளமே உடைய இரு சிற்றுறுப்புகள் இருத்தலின், படத்தில் மூன்று குழல்கள் போலத் தோன்றும். கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகும் அனாபிலிஸ் வகையும் உண்டு.

எனினும், ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. கால்வளையம் வேறு சில கொசுக்களுக்கும் உண்டு. முதிர்ந்த கொசுவின் செதில்கள் உதிர்ந்து வரிகள் மங்குதலும் உண்டு. அடித்து நசுக்கிய கொசுவில் அமரும் நிலையைக் காண இயலாது. நிழற்படம் இனத்தைக் காட்டுமேயன்றி, அக்கொசுவினுள் நோய்க்கிருமி உளதா என்பதைக் காட்டாது.

பகலிற் கடிக்கும் கொசுவுக்கு அஞ்சிய ஒருவர், வீட்டின் முன்னுள்ள சாக்கடைக்கு நாள்தோறும் மருந்து தெளிக்கின்றார் எனக் கொள்வோம். கொசு குறையவில்லை. ஒருநாள் படமெடுத்து நோக்க, யாழ்வடிவக் கோடுகள் தெரிகின்றன. அப்பொழுதன்றோ, அவர் அன்புடன் நீரூற்றி வளர்க்கும் செடியின் தொட்டித்தட்டிலே கூத்தாடிப் புழுக்கள் நெளிவதை அவர் காண்கின்றார்! அந்நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஆதலின், வாரம் ஒருமுறை அதனைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

பகையை வெல்ல விழைவோர், முதலில் அப்பகை யாது என ஐயமற அறிதல் வேண்டும். கூர்ந்து நோக்கும் கண்ணுக்குச் சிறு கொசுவும் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.