சுவருக்கு ஒரு கணக்கு, தரைக்கு ஒரு கணக்கு

எறணாகுளத்தில் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி கோஸ்ரீ பாலத்தில் ஏறினால் போல்காட்டி. அடுத்த பாலத்தில் வல்லார்பாடம் தீவு. 2004-இல் இந்தப் பாலங்கள் திறக்கும்வரை இந்தத் தீவுக்குச் சிமெண்டும் சுண்ணாம்பும் பெயிண்ட் டப்பாவும் தண்ணீரைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. வாங்கியது போதாமல் போனால் இன்னொரு படகு. அதனால் அளந்து வாங்குவது அன்று கட்டாயம். இன்று பைக்கை எடுத்தால் கடை பக்கம். கணக்கைக் கைவிட அதுவே போதுமான காரணமாகிவிட்டது. “ஒரு இருபது லிட்டர் வாங்கிப் போடுங்க, பத்தலன்னா பார்த்துக்கலாம்” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் மதிப்பீடு.

வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் பல. சிலவற்றை வல்லார்பாடத்திலும் எதிர்க்கரை மட்டாஞ்சேரியிலும் வைத்து உரசிப் பார்க்கலாம். மழை, உப்புக்காற்று, பழைய ஓட்டு வீடு, புதிய கான்கிரீட் வீடு நான்கும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் இது.

நம்பிக்கை: வீடு எத்தனை சதுர அடி என்று சொன்னால் போதும், பெயிண்ட் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். தரைப்பரப்பை ஒன்றரையால் பெருக்கினால் வெளிச்சுவர் வந்துவிடும் என்று ஒரு வாய்ப்பாடு ஊர் ஊராகச் சுற்றுகிறது.

வல்லார்பாடத்தில் 2011 முதல் பன்னாட்டு கண்டெய்னர் முனையம் இயங்குகிறது. அங்கே அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பாருங்கள். சிறியது 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். பெரியது அதே அகல உயரத்தில் 40 அடி நீளம். தரைப்பரப்பு 160 சதுர அடியிலிருந்து 320 ஆகிறது, சரியாக இரண்டு மடங்கு. நான்கு பக்கச் சுவர்களையும் கணக்கிட்டால் சிறியதற்கு 476 சதுர அடி, பெரியதற்கு 816. இரண்டு மடங்கு இல்லை, சுமார் 1.7 மடங்குதான். சுவர் பரப்பு தரையோடு சேர்ந்து வளர்வதில்லை. சுற்றளவோடும் உயரத்தோடும்தான் வளர்கிறது.

இப்போது பெட்டியை விட்டு வீட்டுக்கு வருவோம். எல்லாமே 1,200 சதுர அடி வீடு, ஒரு தளத்துக்குப் பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 30-க்கு 40 தரைத்தள வீட்டின் சுற்றளவு 140 அடி, வெளிச்சுவர் 1,400 சதுர அடி. அதே 1,200-ஐ 20-க்கு 30 என்று இரண்டு மாடியாகப் பிரித்தால் சுற்றளவு 100, உயரம் 20, சுவர் 2,000 சதுர அடி. 15-க்கு 80 என்று நீளவாக்கில் தனித்து நின்றால் 1,900. ஆனால் அதே 15-க்கு 80 வீடு மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இருப்பதைப்போல இருபுறமும் பக்கத்து வீட்டோடு ஒட்டி நின்றால்? முன்னால் பதினைந்தடி, பின்னால் பதினைந்தடி. மொத்தம் 300 சதுர அடி. அவ்வளவுதான் வெளியே தெரிகிறது.

ஒன்றரை மடங்கு வாய்ப்பாடு இவை எல்லாவற்றுக்கும் 1,800 என்கிறது. யூதத் தெரு வீட்டுக்காரர் அதை நம்பினால் ஆறு மடங்கு பெயிண்ட் வாங்குவார். மாடி வீட்டுக்காரருக்கு வேலை பாதியில் நிற்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசும்போது “எந்தச் சதுர அடி?” என்று கேட்காதவர் பணத்தை இழப்பது இங்கேதான்.

நம்பிக்கை: ஜன்னலையும் கதவையும் கழிக்காமல் அளப்பது பெயிண்டரின் ஏமாற்று வேலை.

பாதி உண்மை. கட்டட வேலைகளை அளப்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளைக் கழிக்க வேண்டாம் என்பது அதில் உள்ள வழக்கம். சின்ன ஜன்னலைச் சுற்றிலும் உள்ள ஓரங்களை பிரஷ்ஷால் நுணுக்கமாக அடிக்கும் உழைப்பு, விட்டுப்போன பரப்புக்கு ஈடாகிவிடும் என்பதே அதன் நியாயம். பெரிய கதவு, கேட், கண்ணாடிச் சுவர் இவற்றைக் கழிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பலகை பதித்த கதவைத் தட்டையாக அளந்து, ஒரு பக்கத்துக்கு 1.30-ஆல் பெருக்க வேண்டும் என்று பொதுப்பணி அளவை வழக்கில் இருக்கிறது. மட்டாஞ்சேரியிலும் கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் காணும் சாய்சட்டம் போட்ட மர ஜன்னலுக்குப் பெருக்கெண் 1.80. முழுக் கண்ணாடிக் கதவுக்கு 0.80 மட்டுமே. சாய்சட்ட ஜன்னலில் ஒவ்வொரு சட்டத்துக்கும் மேல்முகம், கீழ்முகம், விளிம்பு உண்டு. அதற்குப் பெயிண்டர் கூடுதலாகக் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டாதீர்கள்.

நம்பிக்கை: கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் அதே டப்பா அதிகச் சுவருக்கு வரும்.

வரும். அடுத்த மழைவரை.

ஒரு லிட்டர் பெயிண்ட்டை 10 சதுர மீட்டரில், அதாவது ஏறத்தாழ 107 சதுர அடியில், சீராகப் பரப்பினால் ஈரப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இது யாருடைய விளம்பரமும் இல்லை, கன அளவை பரப்பால் வகுத்த கணக்கு. இரண்டு கோட் என்றால் லிட்டருக்கு 53 சதுர அடி. வெளிப்புற எமல்சன் டப்பாக்களில் இரண்டு கோட்டுக்கு 50, 60 என்ற அக்கம்பக்க எண்களைக் காண்பது ஏன் என்று இப்போது புரியும்.

ஈரம் காய்ந்தபின் மிஞ்சுவது பெயிண்ட்டில் உள்ள திடப்பொருள் மட்டுமே. கன அளவில் அது 40 சதவீதம் என்று கொள்வோம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஈரப்படலம் காய்ந்து 0.04 ஆகும். டப்பாவில் சொன்னதற்கு மேல் லிட்டருக்கு 400 மில்லி தண்ணீரை ஊற்றினால் திடப்பொருளின் பங்கு 28 சதவீதச் சொச்சத்துக்கு இறங்கும், காய்ந்த படலம் 0.03-க்கும் கீழே போகும். நிறம் அன்று நன்றாகவே தெரியும். கடல் காற்றையும் வெயிலையும் தாங்க வேண்டிய தோல்தான் முக்கால் பங்கு கூட இல்லாமல் போகிறது.

சொரசொரப்பான சுவரில் டப்பாவின் எண்ணே எட்டாது. டப்பாக்காரர் வழுவழுப்பான சுவரை நினைத்து எழுதுகிறார்.

நம்பிக்கை: போதையனார் சொன்ன வழி இருக்க, ஏணி நீளத்துக்கு வர்க்கமூலம் எதற்கு?

தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுதோறும் உயிர்த்தெழும் செய்தி இது. போதையனார் என்பவர் பெயரில் ஒரு செய்யுளைப் போட்டு, பிதாகரஸ் தேற்றத்தை வர்க்கமூலம் இல்லாமலே நம்மவர் சொல்லிவிட்டார் என்று பெருமைப்படுவார்கள். வழி இதுதான்: செங்கோண முக்கோணத்தின் பெரிய பக்கத்தில் எட்டில் ஏழு பங்கை எடுத்து, சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம்.

3, 4 போட்டால் 5 வருகிறது. 5, 12 போட்டால் 13 வருகிறது. இரண்டும் துல்லியம். இதைப் பார்த்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

வெளிச்சுவருக்கு ஏணி வைப்பவர்கள் அப்படி நிறுத்த முடியாது. சாய்த்து வைக்கும் ஏணிக்கு உலகெங்கும் பின்பற்றும் பாதுகாப்பு விதி நான்குக்கு ஒன்று: நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைத் தள்ளி வைக்க வேண்டும். 20 அடி உயரத்தைத் தொட அடி 5 அடி தள்ளி நிற்கும். போதையனார் வழியில் 20-இல் எட்டில் ஏழு 17.5, ஐந்தில் பாதி 2.5, கூட்டினால் 20. சுவரின் உயரமும் சாய்ந்த ஏணியின் நீளமும் ஒன்றாம்! அப்படியானால் ஏணி சாயவே இல்லை. நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் எந்த உயரத்தை எடுத்தாலும் இதே விடைதான் வரும், போட்டுப் பாருங்கள். ஏணி வைக்கும் சாய்வில்தான் இந்த வழி தவறுகிறது என்பது விதியின் குறும்பு.

சரியான விடை 400-உம் 25-உம் கூட்டிய 425-இன் வர்க்கமூலம், 20.62 அடி. ஏழு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். மொட்டைமாடிக்கு இறங்க வேண்டுமென்றால் ஏணி விளிம்புக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே 24 அடி ஏணியைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் செய்யுளை இகழ வேண்டியதில்லை. சில விகிதங்களில் மனக்கணக்காகவே விடை தரும் நல்ல தோராயம் அது. தோராயம் என்று சொன்னால் அதற்கு மரியாதை. தேற்றத்தை வென்றுவிட்டது என்று சொல்வதுதான் பிழை.

செங்குத்தாக வைத்தால் ஏணி உறுதி என்பதும் இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை. செங்குத்தான ஏணி ஆளோடு பின்பக்கம் சாயும், மிகவும் படுத்த ஏணி அடியில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே கண்ட இடம்தான் நான்குக்கு ஒன்று.

நம்பிக்கை: சுவரின் உயரம் தெரிய மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

மூன்றடிக் குச்சியை நட்டு நிழலை அளங்கள். நிழல் இரண்டடி, அதே நேரத்தில் சுவரின் நிழல் பதினான்கு அடி என்றால் சுவர் 21 அடி. கொச்சியில் ஒரு எச்சரிக்கை: ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், குச்சிக்கு நிழலே விழாது. காலையில் அளந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: கணக்கு மேதைகளுக்கானது, தூணுக்கும் சுவருக்கும் கண் மதிப்பே போதும்.

வட்டத் தூணுக்கு வேண்டிய பை என்னும் மாறிலியைப் பதினோரு தசம இடத்துக்குக் கண்ட சங்கமகிராம மாதவர், 14-ஆம் நூற்றாண்டில், கொச்சிக்கு வடக்கே இரிஞ்சாலக்குடாவை ஒட்டி வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறது. அந்த மரபின் விளக்கங்களை ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் ‘யுக்திபாஷா’வில் எழுதியபோது சமஸ்கிருதத்தை விட்டு மலையாள உரைநடையைத் தேர்ந்தார். அதன் கணிதப் பகுதி 1948-இல் திருச்சூரில் அச்சேறியது, ராமவர்ம மரு தம்புரானும் அகிலேசுவர ஐயரும் உரை எழுதினார்கள். தமிழில் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கவே எழுந்தது. இந்த மண்ணில் கணக்கு நடைமுறையை விட்டு ஒதுங்கி இருந்ததே இல்லை.

சொல்லப்போனால் தூணுக்கு மாதவர் கூட வேண்டாம். டேப்பைத் தூணைச் சுற்றிப் பிடித்து, வந்த அளவை உயரத்தால் பெருக்குகிறார் பெயிண்டர். கண் மதிப்பு என்று அவர் அடக்கமாகச் சொல்வதும் பல நூறு வீடுகளில் பெருக்கிப் பெருக்கிப் பழகிய கணக்குதான். கணக்கை மறந்தவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்.

நம்பிக்கை: நல்ல கம்பெனி பெயிண்ட் அடித்தால் சுவரில் ஈரம் வராது.

கொச்சியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. 1,200 சதுர அடிக் கூரையில் ஓராண்டில் விழும் தண்ணீர் சுமார் 3.3 லட்சம் லிட்டர். அது வெளியேறும் குழாய் அடைத்திருந்தாலும், சன்ஷேடின் கீழ் விளிம்பில் நீர் சொட்டும் வெட்டு இல்லாவிட்டாலும், இருபது லிட்டர் பெயிண்ட் அதை எதிர்த்து நிற்காது. தரையிலிருந்து உப்புநீர் ஏறி உப்புப் பூக்கும் சுவரிலும், பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அடித்த சுவரிலும் எமல்சன் தோல் தோலாக உரியும்.

வல்லார்பாடத்து மாதா திருநாள் செப்டம்பர் 24. அதற்குமுன் வீட்டைப் புதுப்பித்துவிட ஆசை வருவது இயல்பு. ஆனால் அது தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத நேரம், அக்டோபரில் வடகிழக்கு தொடங்கிவிடும். சுவர் உலர டிசம்பர் முதல் மார்ச் வரை காத்திருப்பதே நல்லது.

நம்பிக்கை: லிட்டர் விலை குறைந்தால் செலவு குறையும்.

கற்பனை எண்களில் பார்ப்போம். முதல் பெயிண்ட் லிட்டர் 200 ரூபாய், இரண்டு கோட்டுக்கு 40 சதுர அடி வரும். இரண்டாவது 330 ரூபாய், 60 சதுர அடி. சதுர அடிக்கு ஐந்து ரூபாய், ஐந்தரை ரூபாய். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், 12 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 17, பதினேழரை. மலிவானது மூன்று ஆண்டும் மற்றது ஐந்து ஆண்டும் நின்றால் ஆண்டுக்குச் சதுர அடிக்கு 5 ரூபாய் 67 காசு, 3 ரூபாய் 50 காசு. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே வகுத்தலைச் செய்துவிட்டு டப்பாவைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த முறை காண்ட்ராக்டர் வரும்போது சுற்றளவு, உயரம், கழித்த திறப்புகள், எத்தனை கோட், எத்தனை லிட்டர் என்று ஐந்தையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள். வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் பேனாவையும் தாளையும் அதன் கையில் கொடுங்கள்.