மலைவழி சொல்லும் மலைபடுகடாம்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளை உடையது. செங்கண்மா என்னும் ஊரின் தலைவனாகிய நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவதாக அமைந்தமையின் கூத்தராற்றுப்படை என்றும் இதனைக் கூறுவர். ஆறு என்பது வழி. வழியிற் செலுத்துவது ஆற்றுப்படை. வள்ளலின் புகழையும் அவன் அளிக்கும் விருந்தையும் பாடுவது ஆற்றுப்படை நூல்களின் பொது இயல்பு. மலைபடுகடாமோ அவற்றோடு நில்லாது, வழியில் நேரும் இடர்களைத் தனியே எடுத்து நெடிது விளக்குகின்றது. கூத்தர் செல்ல வேண்டிய வழி மலையும் காடுமாக இருந்ததே இதற்குக் காரணம்.

இப்பாட்டில் நவிரம் என்னும் மலையும், அங்கு எழுந்தருளிய காரியுண்டிக் கடவுளும் போற்றப்படுகின்றனர். காரி என்பது நஞ்சு. நஞ்சையுண்ட கடவுள் சிவபெருமான். செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், பாட்டிற் கூறப்படும் சேயாறு இன்றைய செய்யாறு என்றும், நவிரம் என்பது திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை என்றும் அறிஞர் கொள்வர். 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்ததனால் இச்செய்திகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. இன்று அம்மலைமேல் மல்லிகார்ஜுனரையும் பிரமராம்பிகையையும் வழிபட ஆயிரக்கணக்கான அன்பர்கள் ஏறுகின்றனர். அவருள் இப்பாட்டை அறிந்து ஏறுவோர் சிலரே. அறிந்து ஏறினால் பயன் மிகுதி. ஏனெனில் ஒரு நாளில் ஏறி இறங்க வேண்டிய காட்டுமலைக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை அக்கூத்தன் அன்றே சொல்லிவிட்டான்.

அவன் சொல்லும் முதன்மையான அறிவுரை நேரத்தைப் பற்றியது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்கு அஞ்சிய குறவர், அவை நுழையும் இடந்தோறும் பெருங்கல்லாலாகிய பொறிகளை வைத்திருப்பர். ஆகவே நள்ளிருளில் அவ்வழியே செல்லாது தங்கி, பொழுது விடிந்த பின் செல்க என்கிறான். இன்று அப்பொறிகள் இல்லை. ஆயினும் பௌர்ணமி நிலவை நம்பி இரவில் ஏறும் வழக்கம் பெருகியிருப்பது ஏற்புடையதன்று. நிலவொளி வெளியில் விழும், மரச்செறிவினுள் விழாது. உருளும் கல்லையும், வழியிற் கிடக்கும் பாம்பையும் அது காட்டாது. மரம் விழுந்து கிடப்பது போலக் கிடக்கும் மலைப்பாம்பை விலகிச் செல்க என்றும் அக்கூத்தன் எச்சரிக்கின்றான். பகலிலேயே மரமெனத் தோன்றுவது இரவில் எவ்வாறு தோன்றும்?

பகற்பயணத்தின் கணக்கைப் புறப்படும் நேரத்திலிருந்து தொடங்குவது பலர் செய்யும் பிழை. திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இப்பகுதியில் ஞாயிறு மாலை 5.45 அளவில் மறைந்துவிடும். காட்டினுள் அதற்கு முன்பே இருள் கவியும். ஆதலின் 5 மணிக்குள் அடிவாரம் சேர்ந்தாக வேண்டும். இறங்குவதற்கு 3 மணி நேரம் கொண்டால், 2 மணிக்கு உச்சியினின்றும் நீங்க வேண்டும். வழிபாட்டுக்கும் உணவுக்கும் ஒன்றரை மணி நேரம் வைத்தால், 12.30க்கு உச்சி சேர வேண்டும். ஏறுவதற்கு 4 மணி நேரம் என்றால் 8.30க்குப் புறப்படலாமே எனத் தோன்றும். அது கால் வலியும் கூட்ட நெரிசலும் இல்லாதவர்க்கு உரிய கணக்கு. கடப்பாறைகளை அறைந்த படிகளிலும், இரும்பு ஏணியிலும், சங்கிலி பற்றி ஏறும் இடத்திலும் முன்செல்வோர் நகரும்வரை காத்திருத்தல் வேண்டும். அங்கே விரைவு என்பது எவர் கையிலும் இல்லை. எனவே 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே புறப்படுவதே முறை. பகல் 1 மணிக்கு இன்னும் ஏறிக்கொண்டிருப்போர், எவ்விடத்தில் நின்றாலும் அவ்விடத்திலிருந்தே திரும்புவது என்று முதல்நாளே குழுவினர் அனைவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். மலைமேல் நின்று அதனைப் பேசத் தொடங்கினால் ஆசையே வெல்லும்.

உச்சியைக் காணாது திரும்புவது தெய்வக்குற்றமோ என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்துக்கு இடமில்லை. மலையையே இறைவன் திருமேனியாகக் கொண்டு, மார்கழி முதல் நாளில் பர்வதமலையை வலம் வருவோர் எத்துணையோ பேர். அவரெல்லாம் உச்சி ஏறியவரல்லர். அடிவாரத்தில் வீரபத்திரரையும் பச்சையம்மனையும் வணங்கி மீள்வதும் வழிபாடே. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ கண்டும், வேண்டுதலை எண்ணி மேலும் ஏறுவது பக்தியின்பாற்படாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஏற எண்ண வேண்டும்.

நீர் மற்றொன்று. ஒருவருக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் சுமக்க வேண்டும். கோடையில் அதனினும் மிகுதியாக வேண்டும். பாதி நீர் தீர்ந்தும் பாதி வழி ஏறாதிருந்தால், அதுவும் திரும்புவதற்கு ஓர் அறிகுறி. புளியோதரை, எலுமிச்சைச் சோறு ஆகியன வெயிலைத் தாங்கும். தயிர்ச்சோறு நண்பகலுக்குள் புளித்துவிடும். உணவைக் கையிற் பிடித்துச் செல்வது குரங்குகளை அழைப்பதாகும். துணிப்பையில் மூடித் தோளில் மாட்டிக்கொள்க. பழந்தோலேனும் காட்டில் எறிதல் ஆகாது.

பெய்யும் மழையைவிடப் பெய்து முடிந்த மழைக்கு அஞ்ச வேண்டும். அடிவாரம் காய்ந்து கிடக்க, மேல்மலையிற் பெய்த நீர் ஓடைகளில் திரண்டு நொடியில் பெருகி வரும். மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சதுரகிரியில், 2015 மே மாத அமாவாசையை ஒட்டிச் சென்ற அடியார் சிலர் இவ்வாறு வந்த காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தனர். கோடையில் வெள்ளம் வாராது என்னும் எண்ணத்தை அந்நிகழ்ச்சி பொய்யாக்கியது. நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் ஓடையைக் கடத்தல் கூடாது. மேட்டில் ஏறிக் காத்திருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீர் வடியும். இடி ஒலி கேட்டவுடன் உச்சிப் பாறையையும் தனிமரத்தையும் விட்டு நீங்க வேண்டும். பர்வதமலையில் இது இன்னும் முதன்மையானது. ஏறுவதற்குத் துணையாகிய இரும்பே அவ்வேளையில் மின்னலுக்கும் வழியாகும். இடி முழங்கும் வேளையில் சங்கிலியையும் இரும்புப் படியையும் தொடலாகாது.

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்திருக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. வனத்துறை வழியை அடைக்கும் நாள்களில் அதனோடு வாதிடுவோர் குரங்கணியை நினைத்துப் பார்க்க வேண்டும். வழியோரப் பாறைகளில் கற்பூரம் ஏற்றும் வழக்கத்தைக் கைவிட்டு, அதனைச் சந்நிதிக்கு மட்டும் உரியதாக்குவது நலம்.

மீண்டும் பாட்டுக்கு வருவோம். அக்கூத்தர் தனியராகச் செல்லவில்லை. விறலியர், சிறுவர், இசைக்கருவிகள் என்று பெருஞ்சுற்றத்தோடு சென்றனர். வழுக்கும் நீர்க்கரையில் பின்னிக் கிடக்கும் கொடிகளைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் பாதுகாத்துக் கடக்குமாறு கூத்தன் கூறுகின்றான். குழுவின் நடை, அதில் மெல்ல நடப்பவரின் நடையே. அவரை முன்னே விட்டு, வழியறிந்த ஒருவர் கடைசியில் வருதல் வேண்டும். இன்று இளைஞர் விரைந்து மேலேறி, முதியோரைப் பின்னே விடுவது பெருவழக்காகிவிட்டது.

அதனினும் நுட்பமானது மற்றோரிடம். வழி பிரியும் இடத்தில், பின்வரும் புதியவர் மயங்காதிருக்கும்படி, அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு பாட்டு பணிக்கின்றது. பர்வதமலைக்குத் தென்மாதிமங்கலத்திலிருந்து ஒரு வழியும், கடலாடியிலிருந்து ஒரு வழியுமாக இரண்டு உண்டு. மேலே சென்று அவை ஒன்றாகின்றன. ஏறும்போது இது தெரியாது. இறங்கும்போது களைப்பில் பாதிப்பேர் ஒரு வழியிலும் பாதிப்பேர் மறுவழியிலும் இறங்கிவிட, ஒரு குடும்பம் இரண்டு ஊர்களில் நின்று தேடுவது நேர்கிறது. கைப்பேசிக்குக் காட்டில் எல்லா இடத்திலும் தொடர்பு கிட்டாது. ஆகவே அப்பிரிவில் முன்வந்தவர் நின்று, கடைசியாக வருபவர் கண்ணிற்படும்வரை காத்திருக்க வேண்டும். எந்த வழியாக ஏறுகின்றனர், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவர் என்பதை அடிவாரத்தில் ஒருவரிடம் சொல்லிச் செல்லவும் வேண்டும். திரும்பியதும் அவரிடம் தெரிவித்து, தலைகளை எண்ணிப் பார்த்த பின்னரே வண்டியேறுக.